தாய் வீட்டைத் தூக்கிக்கொண்டு போனோம்

எங்கள் அம்மா ஓர் அம்மிக்கல்லை நமுனுகுல மலைக்கு மேலே ஏற்றி மறுபக்கம் இறக்கினாள். சரியாகச் சொன்னால், முதல் நாள் அப்பாவின் முதுகில் ஏற்றினாள், இரண்டாம் நாள் தன் தலையில் வைத்து இறக்கினாள். இதைச் சொன்னால் என் பேரப்பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். கல்லைத் தூக்கியவர்கள் நாங்கள். சிரிப்பதற்கு அவர்களுக்கு என்ன, கழுத்தா வலிக்கப் போகிறது?

பதுளைக்கு ரயில் வராத காலம் அது. பதுளைக்கு மேலே, மலையின் மேற்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் இருந்தோம். அப்பா கவ்வாத்து வெட்டுவார், தேயிலைச் செடியைக் கத்தரித்துவிடுகிற வேலை. அம்மாவும் நானும் கொழுந்து பறிப்போம். எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். குறித்து வைக்க எங்களுக்கு யார் இருந்தார்கள்? கூடப் பிறந்தவள் ஒரே அக்கா. அவளை முந்தைய வருடம் மலைக்கு அந்தப் பக்கம், லுணுகலைக்குப் போகிற வழியில் உள்ள தோட்டம் ஒன்றில் கட்டிக் கொடுத்திருந்தோம். மச்சான் நல்லவர். ஆனால் அவருக்குத் தாயும் இல்லை, தங்கையும் இல்லை. தனி ஆளாகக் கடல் தாண்டி வந்தவர். அந்த லயத்தில், தோட்டத்து ஆட்களின் வரிசை வீட்டில், அக்காவுக்குத் தலைவலி என்றால் நெற்றியில் கை வைத்துப் பார்க்க ஒரு பெண்துணை கிடையாது.

அக்கா உண்டானாள். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்பது எங்கள் ஆட்களுக்குக் கேள்வி கேட்காத வழக்கம். ஏழாம் மாதம் பெற்றவர்கள் போய் முறையாகக் கேட்டு மகளை அழைத்து வர வேண்டும். அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்க் கேட்டார். கொழுந்து கொட்டுகிற மாதத்தில் ஒரு கையையும் வெளியே விட முடியாது என்று அந்தத் தோட்டத்தில் ஆட்களை மேய்க்கிற பெரிய கங்காணி சொல்லிவிட்டாராம். "புள்ள பெக்க மலை தாண்டணுமா? லயத்துலயே பெக்கட்டும்." அப்பா தலையைச் சொறிந்துகொண்டு திரும்பி வந்தார். எங்கள் அப்பாவுக்குப் பெரிய மனிதர்கள் முன்னால் வாயில் கொழுக்கட்டை வந்துவிடும். வீட்டிலும் பெரும்பாலும் அப்படித்தான், ஏனென்றால் வீட்டில் அம்மா இருந்தாள்.

ஒன்பதாம் மாதம் பிறந்தபோதுதான் செய்தி வந்தது. பதுளைக் கடைவீதியிலிருந்து, பாய் என்று நாங்கள் கூப்பிடும் முஸ்லிம் வியாபாரி ஒருவர் துணி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போவார். மலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டு வந்தவர், மூட்டையை இறக்காமலேயே எங்கள் வாசலில் நின்றார்.

"தங்கச்சி, ஒங்கட மூத்த மகளக் கண்டேன். அந்த லயத்தில இந்த மழைக்குள்ள ரெண்டு புள்ளத்தாச்சிப் பொண்டுகள் மௌத்தாப் போயிட்டாங்க. அம்மாட்ட சொல்லுங்க, நான் இங்க பெத்தா நானும் செத்துப் போயிருவேன் எண்டு அழுதா. சொல்லாம இருக்க எனக்கு மனசு வரல்ல."

அம்மா அழவில்லை. பாய்க்குத் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். அவர் போன பிறகு காம்பராவின் நடுவில் நின்று நாலு பக்கமும் பார்த்தாள். லயத்தில் ஒரு குடும்பத்துக்குக் கொடுக்கிற ஒற்றை அறைக்குக் காம்பரா என்று பெயர். பிறகு அப்பாவிடம் சொன்னாள்:

"அவளத் தாய் வீட்டுக்கு விடமாட்டாங்கல்ல? சரி. தாய் வீட்டை அங்க கொண்டுபோறேன்."

அப்பா, இவளுக்குப் புத்தி பிசகிவிட்டதோ என்று என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"வீட்ட எப்படிடீ கொண்டுபோவ?"

"வீடுன்னா எது? சுவரு தோட்டத்துது. கூரைத் தகரம் தோட்டத்துது. நம்மளுது எது? என் அம்மி, என் சட்டி, என் பாயி, என் வெளக்கு. இத எடுத்துட்டா இது வெறும் காம்பரா. இத எங்க வைக்கிறேனோ அங்க என் வீடு. அங்க என் மக பெத்துக்குவா."

"சட்டி பாயி சரி. அம்மி எதுக்குடீ? அங்க அம்மி இல்லாமலா இருக்கு?"

"மகளுக்குப் பேறுகால மருந்த ஊரான் அம்மியில அரைப்பாங்களா? நல்லாத்தான் பேசுற!"

அவ்வளவுதான். ஒற்றைக் காலில் நின்றாள். எங்கள் தோட்டத்துக் கங்காணியிடம் நாலு நாள் லீவு கேட்டுப் போனாள். அவரும் இல்லை என்றார். அம்மா அவரை எதிர்த்துப் பேசவில்லை. "நல்லதுங்க" என்று கும்பிட்டுவிட்டு வந்தாள். அம்மா "நல்லதுங்க" என்று சொன்னால் ஏதோ முடிவு கட்டிவிட்டாள் என்று அர்த்தம்.

ஞாயிற்றுக்கிழமை வேலை கிடையாது, ஆள் எண்ண மாட்டார்கள். அன்றைக்கு விடிவதற்கு முன்னால் கிளம்பினோம். வண்டிப் பாதை வழியாகப் போகலாம்தான். ஆனால் தோட்டத்தில் கொடுக்கிற அனுமதிச் சீட்டு இல்லாமல் மூட்டையோடு பாதையில் போகிற ஆட்களை ஒவ்வொரு தோட்டத்துக் காவல்காரனும் பிடித்து நிறுத்துவான். ஓடிப்போகிற ஆட்கள் என்று திருப்பி அனுப்புவான். அதனால் மலைமேல் ஏறி அந்தப் பக்கம் இறங்குவது என்று முடிவு. ஓர் இரவு மலையில் தங்க வேண்டி வரும். அப்பா இளந்தாரியாக இருந்தபோது காட்டு மரம் வெட்ட அங்கே ஏறியிருக்கிறாராம். "வழி என் கண்ணுக்குள்ளயே இருக்கு" என்றார். கண்ணுக்குள் இருந்த வழி காலுக்கு வரவில்லை என்பது அப்புறம் தெரிந்தது.

சுமைக்கு எங்களிடம் இருந்தது கொழுந்துக் கூடைதான். கயிற்றைத் தலையில் மாட்டி முதுகில் தொங்கவிடுகிற கூடை. அம்மாவின் கூடையில் சட்டிகள், பாய், விளக்கு, ஒரு கட்டு சுள்ளி. என் கூடையில் அரிசி, கட்டுச்சோறு, பழைய சேலைத் துணிகள், அப்புறம் மருந்துச் சாமான்: சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், பெருங்காயம், பூண்டு, கருப்பட்டி. குழவியும் என் தலையில்தான் வந்து விடிந்தது. அப்பாவின் கூடையில் அம்மி. ஆண்பிள்ளை கொழுந்துக் கூடை மாட்டுவதா என்று அவர் முனகினார். "சாக்குல கட்டித் தலையில தூக்குறியா, கழுத்து முறியட்டும்?" என்றாள் அம்மா. மாட்டிக்கொண்டார்.

தேயிலை முடிகிற இடம் வரைக்கும் சுகமாக ஏறினோம். அதற்கு மேலே மானாப்புல், ஆள் உயரத்துக்கு. கையைக் கிழித்தது, கன்னத்தைக் கிழித்தது. அதற்கு மேலே காடு. அடேயப்பா, அந்த அட்டை! சுண்ணாம்பும் புகையிலையும் குழைத்துக் காலில் பூசியிருந்தோம். மழை வந்து பத்து நிமிடத்தில் கழுவிவிட்டது. அதற்குப் பிறகு பிடுங்கிப் போடுவதையும் விட்டுவிட்டோம். குடித்துவிட்டுத் தானே விழட்டும் என்று நடந்தோம். அப்பா பத்தடிக்கு ஒரு தரம் மரத்தில் சாய்ந்து நின்றார். கூடைக் கயிறு அவர் நெற்றியில் பள்ளம் போட்டிருந்தது. மதியத்துக்குமேல் அவர் வழி சொல்வதை நிறுத்திவிட்டார். வழி தெரியவில்லை என்று அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

உச்சிக்குக் கீழே ஒரு பாறைச் சரிவு குடை மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. இருட்டியபோது அதற்கடியில் ஒதுங்கினோம். சுள்ளி நனைந்துவிட்டது; தீ பிடிக்கவே இல்லை. மூன்று பேரும் ஈரத்துணியோடு ஒரு பாய்க்குள் சுருண்டுகொண்டோம். கீழே காட்டுக்குள் ஏதோ உறுமியது. "சிறுத்தை" என்றார் அப்பா மெதுவாக. "வரட்டும். அம்மியத் தூக்கி மண்டையில போடுறேன்" என்றாள் அம்மா. நான் சிரித்தேன். ஆனால் பயமாக இருந்தது. அம்மாவின் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து அவள் சொன்னாள், என்னிடமா அப்பாவிடமா தெரியவில்லை: "இன்னைக்கு ராத்திரி அவளுக்கு வலி வந்திருச்சுன்னா நான் என்ன செய்வேன்?" அம்மா என்ன செய்வேன் என்று சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை. சிறுத்தையைவிட அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

இப்போது சொல்லப்போவதை நான் வெகு காலம் யாருக்கும் சொல்லவில்லை. வெட்கம். விடியற்காலையில் எங்கும் பஞ்சு மாதிரி மூடுபனி. கையை நீட்டினால் கை தெரியாது. அப்போது கீழே தப்பு அடிக்கும் சத்தம் கேட்டது. பெரட்டுத் தப்பு. தோட்டங்களில் விடிந்ததும் தப்படித்துத்தான் ஆட்களை வேலைக்குக் கூப்பிடுவார்கள். எல்லோரும் ஓரிடத்தில் வரிசையாக நின்று பேர் கொடுக்க வேண்டும், அதற்குப் பெரட்டு என்று பெயர். தப்புச் சத்தம் காதில் விழுந்ததும் மூன்று பேரும் எழுந்தோம். ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. முகம் கழுவவில்லை. அம்மா சேலையை ஏற்றிக் கட்டினாள், கூடையை மாட்டினாள், நடந்தாள். நானும் மாட்டினேன், நடந்தேன். அப்பாவும் அம்மியோடு நடந்தார். பனிக்குள் அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக இறங்கினோம். பிந்திப் போனால் அரைப்பேர்தான் போடுவார்கள், பாதிக் கூலிதான் கிடைக்கும் என்ற பதைப்பு ஒன்று உடம்பில் இருந்தது. யார் போடுவார்கள், எந்தத் தோட்டம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பிறந்ததிலிருந்து அந்தச் சத்தத்துக்கு நடந்த கால்கள். அவை எங்களைக் கேட்கவில்லை.

பனிக்குள்ளிருந்து ஒரு பெரட்டுக் களத்தில் வந்து விழுந்தோம். பெண்கள் வரிசை நின்றது. அம்மா போய்க் கடைசியில் நின்றாள். நான் அவள் பக்கத்தில் நின்றேன். அப்பா ஆண்கள் வரிசையில் நின்றார். எங்களுக்கு அப்போதும் உறைக்கவில்லை. கணக்கப்பிள்ளை பென்சிலை நீட்டி எண்ணிக்கொண்டே வந்தார். ஒரு தரம் எண்ணினார். நின்று திரும்ப எண்ணினார்.

"என்னங்கய்யா இது, பொம்பள ஆளு ரெண்டு கூடுது!"

அப்போதுதான் எங்களுக்கு விடிந்தது. முன்னால் நின்றவள் திரும்பிப் பார்த்தாள். எங்கள் முகம் அவளுக்குத் தெரியாது, அவள் முகம் எங்களுக்குத் தெரியாது. ஐயோ, எனக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. அம்மா கண்ணை ஒரு தரம் இறுக்கி மூடித் திறந்தாள். அவள் முகம் கறுத்தது. வாழ்நாளில் அவள் தன்மேலேயே கோபப்பட்டு நான் பார்த்தது அன்று ஒரு தரம்தான்.

கோட்டும் தலைப்பாகையும் குடையுமாக அந்தத் தோட்டத்துப் பெரிய கங்காணி வந்தார்.

"எந்தத் தோட்டத்து ஆளுக நீங்க?"

அம்மா சொல்லவில்லை.

"சீட்டு எங்க?"

"இல்லைங்க."

அவர் அப்பாவின் கூடைக்குள் எட்டிப் பார்த்தார். "அம்மி! அம்மியோட குடி கெளம்பியிருக்கீங்க. ராத்திரியோட ராத்திரியா ஓடி வந்த ஆளுக. தொர வரட்டும், எந்தத் தோட்டம்னு அவர் கேட்டுக்குவாரு. அதுவரைக்கும் அங்க குந்துங்க."

பாருங்கள் வேடிக்கையை. பாதையில் போனால் பிடிப்பார்கள் என்று மலை ஏறினோம். மலை ஏறி நாங்களே போய் வரிசையில் நின்று பிடிபட்டோம். வீட்டைத் தூக்கிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தால் யாருக்கும் ஓடிப்போகிறவர்கள் என்றுதான் தோன்றும். அப்பா கையெடுத்துக் கும்பிட்டு "ஐயா, சாமி" என்று ஆரம்பித்தார். அம்மா அவரைக் கையால் தள்ளிவிட்டு என் கூடையை இழுத்துக் களத்தின் நடுவில் கவிழ்த்தாள்.

"நல்லாப் பாருங்க! சுக்கு, திப்பிலி, ஓமம். இது கிழிச்ச துணி, பொறக்கப்போற புள்ளைய ஏந்த. ஓடிப்போறவ இதையா கட்டித் தூக்கிட்டு ஓடுவா? என் மகளுக்குத் தலைப்பிரசவம். அங்கிட்டு அவள விடமாட்டேன்னாங்க, இங்கிட்டு என்னை விடமாட்டேன்னாங்க. இப்ப நீங்க ஒருத்தரு மறிக்கிறீங்க. மறிங்க. அவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஒங்க தோட்டத்து வாசல்லதான் வந்து மண்ண வாரித் தூத்துவேன்!"

வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள். பெரிய கங்காணி முன்னால் ஒரு பொம்பளை இப்படிப் பேசி அவர்கள் கேட்டிருக்க மாட்டார்கள். அவரால் மேலே போகவும் முடியவில்லை, இறங்கி வரவும் முடியவில்லை. அத்தனை பேர் பார்க்கிறார்களே. வரிசையில் பிள்ளைத்தாய்ச்சியாக நின்ற ஒருத்தி மட்டும் வாய் திறந்தாள். "பேறுகாலத்துக்குப் போறவங்கள மறிச்சா ஆகாதுங்க, பெரியவரே. நாங்களும் இங்கதானே பெக்கணும்" என்றாள்.

அவர் மீசையைத் தடவினார். "சரி, போ. ஆனா நீ சொல்றது நெசம்னு எனக்கு என்ன நிச்சயம்? திரும்பி வர்ற வரைக்கும் அந்த அம்மிய இங்க வச்சிட்டுப் போ."

"அம்மி வராதுங்க" என்றாள் அம்மா. "இந்தா, மனுசன் இருக்காரு. இவர வச்சுக்குங்க. கவ்வாத்து நல்லா வெட்டுவாரு. சாயந்தரம் சோறு போட்டு அனுப்பிவிடுங்க."

"அடியே!" என்றார் அப்பா.

பெண்கள் வரிசை முழுக்கச் சிரித்தது. கணக்கப்பிள்ளைகூட முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒரு நாள் வேலை சும்மா கிடைக்கிறதே என்று நினைத்தாரோ, இந்தப் பொம்பளை தொலைந்தால் போதும் என்று நினைத்தாரோ, பெரிய கங்காணி குடையை ஆட்டிப் போகச் சொன்னார். அப்பாவை அன்று மாலையே விட்டுவிட்டார்கள். மறுநாள் மதியம் அக்காவின் லயத்துக்கு வந்து சேர்ந்தார். சோறு நன்றாகத்தான் போட்டார்களாம். ஆனால் "அம்மிக்குப் பதிலா என்னைய அடகு வச்சவ" என்று சாகும்வரை சொல்லிக் காட்டினார். அம்மாவும் சாகும்வரை, "அம்மிய வச்சிருந்தா மருந்த ஒன் மண்டையிலயா அரைச்சிருப்பேன்?" என்று பதில் சொன்னாள்.

அந்தப் பிள்ளைத்தாய்ச்சிதான் எங்களுக்குக் குறுக்குப் பாதை காட்டினாள். பள்ளத்து ஓடையைத் தாண்டி, எதிர்மேட்டில் ஏறி, இடது கைப்பக்கமே போ என்றாள். நாங்கள் இறங்கியது தவறான பக்கம். அரை நாள் நடை வீண். கல்லின் கனத்தில் அப்பா கூடையின் அடி பிய்ந்திருந்தது; இனிமேல் அம்மியை அம்மா தலையில்தான் தூக்க வேண்டும், அவள் கூடையிலிருந்த சட்டியும் பாயும் எனக்கு.

ஓடையில் மழைத்தண்ணீர் இடுப்பளவு போனது. தாண்டினோம். எதிர்மேட்டில் பாதி ஏறியபோது என் கால் சறுக்கி முட்டி உடைந்தது. ரத்தம், சேறு, பசி, முதுகில் இரண்டு ஆள் சுமை. எனக்கு எங்கிருந்து அவ்வளவு ஆத்திரம் வந்ததோ, குழவியை எடுத்துப் பள்ளத்தில் வீசினேன். அது கடகடவென்று உருண்டு போனது.

"போதும்! செத்தா சாகட்டும்! எனக்குப் பேறுகாலம் வந்தா நான் எந்த அம்மியும் கேக்கமாட்டேன், ஒன்னையும் கூப்பிடமாட்டேன்!"

அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். விழவில்லை. அம்மா அம்மியைத் தலையில் வைத்தபடியே நின்றாள். இறக்கினால் தனியாக மறுபடி ஏற்ற முடியாது அவளால். அவள் கழுத்து நரம்பு புடைத்துக் கிடந்தது.

"நீ கூப்பிடாட்டியும் வருவேன்டீ" என்றாள். "போய் எடுத்துட்டு வா. நான் இப்பிடியே நிக்கிறேன்."

நான் இறங்கினேன். அழுதுகொண்டே புதருக்குள் தேடினேன். குழவி கிடைத்துத் திரும்பி ஏறிவர வெகு நேரம் ஆனது. அம்மா கல்லோடு அப்படியே நின்றிருந்தாள். அன்று எனக்கு அவள்மேல் இருந்த கோபமும் அன்பும் எது எது என்று பிரித்துச் சொல்ல இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

பொழுது இறங்குகிற நேரத்தில் அக்காவின் லயத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். மழை விடவில்லை. லயத்து வாசலிலேயே அக்காவின் குரல் கேட்டது. மதியத்திலிருந்தே வலியாம். மச்சான் கையும் ஓடாமல் காலும் ஓடாமல் வாசலில் நின்றுகொண்டிருந்தார். நான் நேரே அக்காவிடம் ஓடப் போனேன். அம்மா என் கூடையைப் பிடித்து இழுத்தாள்.

"இரு. இன்னும் வீடு வரல."

லயத்தின் கடைசிக் காம்பரா காலியாக இருந்தது. மம்பட்டிப் பிடிகளும் பழைய சாக்குகளும் போட்டு வைத்திருந்தார்கள். அம்மா கதவைத் தள்ளித் திறந்தாள். "கங்காணிட்ட கேக்க வேணாமா அத்தை?" என்று மச்சான் பயந்தார். "கேட்டா இல்லைம்பாரு. கேக்கலன்னா அவரு இல்லைன்னு சொல்லவே இல்லையே" என்றாள் அம்மா. பிடிகளை வெளியே எறிந்தோம். பக்கத்துக் காம்பராக்காரி சாணம் கொண்டு வந்தாள், இன்னொருத்தி காய்ந்த விறகு கொண்டு வந்தாள். மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு. மூலையில் அம்மி. சுவர் ஓரம் பாய். விளக்கை நான்தான் ஏற்றினேன். அக்கா அங்கே கத்திக்கொண்டிருக்கிறாள், இவள் இங்கே தரை மெழுகுகிறாளே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் கை வேலை செய்தது.

எல்லாம் வைத்த பிறகு அம்மா முகம் கழுவினாள். அவிழ்ந்த தலையை அள்ளி முடிந்தாள். சேலையிலிருந்த சேற்றை முடிந்தவரை தட்டினாள். அக்காவின் காம்பரா வாசலில் போய் நின்று, சம்பந்தி வீட்டுக்கு வந்தவள் மாதிரி முறையாகக் கேட்டாள்:

"மருமகனே, என் மகளத் தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு அழைச்சிட்டுப் போக வந்திருக்கேன். உத்தரவு குடுங்க."

மச்சான் குலுங்கி அழுதுவிட்டார். "கூட்டிட்டுப் போங்க அத்தை, கூட்டிட்டுப் போங்க" என்றார்.

அக்கா எழுந்தாள். அம்மா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். இடையில் பத்துக் காம்பரா. ஒவ்வொரு வாசலிலும் ஆட்கள் விளக்கோடு நின்றார்கள். நாலாவது வாசலில் அக்காவுக்கு வலி பிடித்தது; தூணைக் கட்டிக்கொண்டு நின்றாள். "இன்னும் எவ்வளவு தூரம்மா?" என்று கேட்டாள். பைத்தியம், கண்ணுக்கு முன்னால் இருக்கிறது, கேட்கிறாள். அம்மா சிரிக்கவில்லை. "வந்திருச்சும்மா. நம்ம வீட்டு வெளக்கு தெரியுது பாரு" என்றாள். அக்கா அந்த விளக்கைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். காம்பராவுக்குள் வந்ததும் அம்மியைத் தடவிப் பார்த்தாள். அது எங்கள் அம்மிதான் என்று தெரிந்ததும் அவளுக்கு அதுவரை வராத அழுகை வந்தது. அதன் பிறகு அவள் பயந்து கத்தவில்லை. வலித்ததற்கு மட்டும் கத்தினாள். விடிய இரண்டு நாழிகை இருக்கும்போது பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

விடிந்ததும் அங்கேயும் தப்பு அடித்தார்கள். அம்மா கையில் எண்ணெய்ப் பிசுக்கு காயாமலேயே பெரட்டுக் களத்துக்கு நடந்தாள். நானும் பின்னால் ஓடினேன். இந்தத் தரம் அவள் வரிசையில் நிற்கவில்லை. ஒதுங்கி, தனியாக நின்றாள். கணக்கப்பிள்ளை பேர் கூப்பிட்டுக்கொண்டு வந்தார். அக்காவின் பேரைக் கூப்பிட்டார். அம்மாதான் பதில் சொன்னாள்:

"அவ ஊருல இல்லைங்க."

முன்பு அப்பாவிடம் முடியாது என்று சொன்ன பெரிய கங்காணி திரும்பினார். "யாரு நீ? நேத்து மதியம் வரைக்கும் இங்கதானே இருந்தா?"

"நான் அவளப் பெத்தவ. நேத்து பொழுதுபட வந்து அழைச்சிட்டுப் போயிட்டேன். தாய் வீட்டுக்குப் போயிருக்கா. பொம்பளப் புள்ள பொறந்திருக்கு. முப்பது நாள் கழிச்சுத்தான் வருவா."

அவர் லயத்துப் பக்கம் பார்த்தார். கடைசிக் காம்பராவிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. வரிசையில் நின்ற பெண்களைப் பார்த்தார். ஒருத்தியும் தலை குனியவில்லை. எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கணக்கப்பிள்ளை பென்சிலைத் தூக்கியபடி காத்திருந்தார்.

"எழுதிக்க" என்றார் பெரிய கங்காணி கடைசியில்.

அன்றிலிருந்து முப்பது நாள், அக்காவின் பேருக்கு நேரே ஊரில் இல்லை என்றுதான் எழுதினார்கள். தினமும் காலையில் அந்தப் பேரைக் கூப்பிடுவார்கள், ஊரில் இல்லை என்று வரிசையே சேர்ந்து சொல்லும். பத்துக் காம்பரா தள்ளி அக்கா பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருப்பாள்.